கார்டு பாதி காலி, ஆடியோ மீட்டர் மட்டும் சிவப்பு. ஏன்?

நடுஇரவு மிக்ஸர்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான்கு டிஎஸ்பி சிப் (ஒலிக் கணக்குக்கென்றே உள்ள சிப்) உள்ள, கம்ப்யூட்டருக்குள் செருகும் பிசிஐஇ கார்டு, எட்டு கோர் சிபியு, விண்டோஸ். ப்ராஜெக்ட் 48 கிலோஹெர்ட்ஸ், 44 ட்ராக். கார்டில் ஓடும் ப்ளக்-இன் (ஒலியை மாற்றும் சின்ன மென்பொருள்) மட்டும் 62. டிரைவரோடு வந்த மீட்டர், கார்டின் சுமை 55 சதவீதம் என்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 30ஐத் தாண்டவில்லை. ஆனால் டிஏடபிள்யூவின் (பதிவும் மிக்ஸும் செய்யும் மென்பொருள்) ஆடியோ மீட்டர் 85க்கும் 95க்கும் நடுவே துள்ளுகிறது. கோரஸ் வந்ததும் பட் பட் என்று க்ளிக்.

வெறுத்துப்போய் அந்த 62 ப்ளக்-இன்னையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மீட்டர் 35க்கு இறங்கிவிட்டது! சிபியுவின் பாரத்தைக் குறைக்கத்தானே இந்தக் கார்டை வாங்கினேன்? கழற்றினால் பாரம் குறைகிறது என்றால் கார்டு என்னதான் செய்கிறது?

பஃபர் (ஒரு சுற்றில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 64 சாம்பிள். பாடகரின் டேக் (குரல் பதிவு) இன்னும் பாக்கி இருப்பதால் அதை ஏற்ற மனமில்லை. கார்டில் பழுதா, என்னிடம் பழுதா, சொல்லுங்கள்.

பழைய ஸ்லாட்:

இரண்டிலும் பழுது இல்லை தம்பி. கணக்குப் போடுவது கார்டு. கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து விடையை வாங்கி வருவது உங்கள் சிபியு. அந்த நடைக்கு யாரும் தனி மீட்டர் வைக்கவில்லை, அதனால்தான் குழப்பம்.

48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் 1.33 மில்லிசெகண்ட். அதாவது விநாடிக்கு 750 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 62 ப்ளக்-இன்னுக்கும் சரக்கு போய்த் திரும்ப வேண்டும். 62ஐ 750ஆல் பெருக்குங்கள், 46,500 நடை. பஃபரை 1024 ஆக்கினால் சுற்று விநாடிக்கு 47கூட இல்லை, நடை 2,900 சொச்சம். தோராயக் கணக்குதான், டிரைவர் சிலவற்றைச் சேர்த்துக் கட்டி அனுப்பும். ஆனால் போக்கு இதுதான்.

துணியை ஒவ்வொரு கைக்குட்டையாகச் சலவைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், துவைப்பது கடைக்காரர்தான், ஆனால் கால் வலி உங்களுக்கு.

ஏறுமுகம்:

அப்படியென்றால் பேண்ட்விட்த் போதவில்லையா? கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் சரியாகுமா?

பழைய ஸ்லாட்:

பேண்ட்விட்த் பிரச்சினையே இல்லை. ஒரு ஸ்டீரியோ ட்ராக், 32 பிட் ஃப்ளோட், 48 கிலோஹெர்ட்ஸ்: விநாடிக்கு 3,84,000 பைட். 62 ப்ளக்-இன்னுக்கும் சேர்த்து ஒரு திசையில் 24 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். முதல் தலைமுறை பிசிஐஇயின் ஒற்றை லேன்கூட ஒரு திசையில் 250 மெகாபைட் தாங்கும். பழைய பிசிஐ காலத்தில், மொத்த பஸ்ஸுக்கும் (கார்டுகளின் பொதுப் பாதை) 133 மெகாபைட், அதையும் எல்லாக் கார்டும் பங்குபோட வேண்டும் என்றிருந்தபோது இந்தக் கவலை நியாயம். இப்போது சாலை அகலமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் கேட்டைத் திறந்து மூடுகிற நேரம்தான் சேர்ந்துபோகிறது.

கோர் எட்டு:

நான் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். கார்டை விற்றுவிடுங்கள். இன்றைய சிபியு ஒன்று இந்த நான்கு சிப்பையும் விழுங்கி ஏப்பம் விடும். அதே ப்ளக்-இன்களில் பலவற்றுக்கு இப்போது நேட்டிவ் (சிபியுவிலேயே ஓடும்) வடிவம் இருக்கிறது. 2022இல் யுஏடி கார்டுகளைக் கொண்டுவந்த யுனிவர்சல் ஆடியோவே ஸ்பார்க் என்று கார்டு வேண்டாத சந்தாவைக் கொண்டுவந்துவிட்டது. இன்னும் எதற்கு இந்தக் காவடி?

பழைய ஸ்லாட்:

கோபமெல்லாம் இல்லை. நீங்கள் சொல்வதில் பாதி சரி. இந்தக் கார்டுகள் பிறந்த கதையே வேறு. யுஏடி-1இன் நடுவில் இருந்தது எம்பாக்ட் என்ற மல்டிமீடியா சிப், வீடியோவுக்கும் கிராஃபிக்ஸுக்கும் செய்தது. பவர்கோர் என்ற இன்னொரு கார்டில் மோட்டோரோலா 56000 குடும்பத்துச் சிப். அன்றைக்கு ஒரு நல்ல ரிவர்ப் (அறை முழக்கம்) போட்டாலே கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், அதனால் கார்டு வரப்பிரசாதம். 2008இல் யுஏடி-2 ஷார்க் சிப்போடு வந்தபோதும் அந்த நியாயம் இருந்தது. இன்று கணக்குத் திறனுக்காக மட்டும் யாரும் புதிதாகக் கார்டு வாங்கத் தேவையில்லை.

ஆனால் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு, பாதி முடிந்த ப்ராஜெக்டில் 62 ப்ளக்-இன் போட்டு வைத்திருப்பவருக்கு, "விற்றுவிடு" என்பது பதிலா? அத்தனையின் செட்டிங்கையும் யார் உட்கார்ந்து மாற்றுவது?

கோர் எட்டு:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ப்ராஜெக்டை முடித்துவிட்டு விற்கட்டும். 😄

நடுஇரவு மிக்ஸர்:

விற்பதைப் பிறகு பார்க்கலாம். பஃபர் பற்றிப் பழைய ஸ்லாட் அண்ணன் சொன்னதைச் சோதித்தேன். கோரஸை மட்டும் லூப்பில் போட்டு ஒவ்வொரு பஃபருக்கும் இரண்டு நிமிடம் விட்டுப் பார்த்தேன்.

64இல் 85 முதல் 95 வரை. 128இல் 72. 256இல் 58. 512இல் 47. 1024இல் 43.

512க்கு மேல் பெரிதாக இறங்கவில்லை. க்ளிக் 256லேயே நின்றுவிட்டது. ஆனால் ஒரு புதுத் தலைவலி. 512இல் ப்ளே அழுத்தினால் சற்று யோசித்துவிட்டுத்தான் ஓடுகிறது. பாடகருக்குத் தன் குரலே தாமதமாகக் கேட்கிறதாம். இன்னொன்றும் புரியவில்லை: டாஸ்க் மேனேஜர் 30 என்கிறபோது டிஏடபிள்யூ மட்டும் ஏன் 85 என்று பயமுறுத்துகிறது?

வெற்று டேப்:

அந்த இரண்டு மீட்டரும் அளப்பது வேறு வேறு. டாஸ்க் மேனேஜர் எல்லாக் கோரையும் சேர்த்து, ஒரு விநாடிக்கு மேல் சராசரி எடுக்கிறது. டிஏடபிள்யூ பார்ப்பது கெடுவை. 1.33 மில்லிசெகண்டுக்குள் இந்தச் சுற்றின் வேலையை முடித்தாயா, எவ்வளவு மிச்சம் வைத்தாய் என்று கேட்கிறது. ஒரு ட்ராக்கின் ப்ளக்-இன் வரிசை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும், எனவே பெரும்பாலும் ஒரே கோரில் நிற்கும். எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டர் பஸ்ஸில் ஆறு கனமான ப்ளக்-இன் அடுக்கியிருந்தால் மற்ற ஏழு கோரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சராசரி 30தான். க்ளிக்கும் வரும்.

அப்புறம் ஒரு சந்தேகம். உங்கள் கார்டு ப்ளக்-இன் விண்டோவில் "குறைந்த தாமதம்" என்கிற மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். எத்தனையில் அது எரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நடுஇரவு மிக்ஸர்:

பார்த்தேன். ஒன்பதில். முதல் முறை பாடகர் வந்தபோது போட்டது, எடுக்க மறந்தே போனேன்.

வெற்று டேப்:

பிடித்தாயிற்று ஒரு திருடனை.

சாதாரணமாக டிரைவர் செய்வது இது. சிபியு இந்தச் சுற்றின் சரக்கை கார்டின் வாசலில் இறக்கி வைக்கும், முந்தைய சுற்றில் முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். நிற்பதே இல்லை. அதற்கு விலை தாமதம். யுஏடி-2 வகையில் ஒரு ப்ளக்-இன்னுக்குப் பஃபரின் இரு மடங்கு.

அந்தப் பொத்தானை அழுத்தினால் சிபியு வாசலிலேயே நின்று, கார்டு முடித்துக் கொடுத்த பிறகுதான் நகரும். தாமதம் போய்விடும். ஆனால் நிற்கிற நேரம் முழுவதும் டிஏடபிள்யூவின் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. கோர் சும்மா நின்றாலும் மீட்டருக்கு அது வேலைதான். ஒன்பது இடத்தில் நின்றால் 1.33 மில்லிசெகண்டில் என்ன மிஞ்சும்? டேக் எடுக்கிற அந்த ஒரு ட்ராக்கில் மட்டும், எடுக்கிற நேரத்துக்கு மட்டும் போட வேண்டிய பொத்தான் அது.

நடுஇரவு மிக்ஸர்:

ஒன்பதையும் அணைத்தேன். 64லேயே 85 என்றிருந்தது 66 ஆகிவிட்டது! க்ளிக் இப்போது எப்போதாவது ஒன்று. அண்ணே, கோயில் கட்ட வேண்டும் உங்களுக்கு.

ஏறுமுகம்:

இரு மடங்கு என்றால் 512இல் ஒரு ப்ளக்-இன்னுக்கே 1024 சாம்பிள் தாமதம். 44 ட்ராக்குக்கும் அது கூடிக்கொண்டே போகாதா?

வெற்று டேப்:

அடுக்காக வைத்தால் கூடும். பக்கத்து பக்கத்து ட்ராக்கில் வைத்தால் கூடாது. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் 21.3 மில்லிசெகண்ட். ஒரே ட்ராக்கில் நான்கு கார்டு ப்ளக்-இன் அடுத்தடுத்து இருந்தால் 85 மில்லிசெகண்ட். டிஏடபிள்யூ மற்ற ட்ராக்குகளை எல்லாம் அந்த மிக நீண்ட ட்ராக்குக்காக நிறுத்தி வைத்துச் சமன் செய்யும். ப்ளே அழுத்தியதும் யோசிப்பது அதனால்தான்.

நான்கையும் அடுத்தடுத்து வைத்தால் கார்டுக்குள்ளேயே கைமாறிப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முதலாவது முடிந்து சிபியுவுக்குத் திரும்பி வந்துதான் இரண்டாவதுக்குப் போகும். அதனால் ஈக்யூ (தொனியை மாற்றுவது), கம்ப்ரஸர் (உரத்ததை அமுக்குவது), கேட் (மெல்லிய சத்தத்தை அடைப்பது) மூன்றும் ஒரே ப்ளக்-இன்னுக்குள் இருக்கும் சேனல் ஸ்ட்ரிப் கார்டில் இருந்தால் அதைப் போடுங்கள். மூன்று நடை ஒரு நடையாகும், மூன்று தாமதம் ஒன்றாகும்.

ரிவர்ப் பிரியன்:

என் வழக்கத்தைச் சொல்லலாமா? எட்டு வருடமாக இரண்டு சிப் கார்டோடு ஓட்டுகிறேன்.

லேசான வேலையை நான் கார்டுக்குக் கொடுப்பதே இல்லை. ஹை-பாஸ் ஃபில்டர், சாதாரண ஈக்யூ எல்லாம் டிஏடபிள்யூவோடு வருவதே போதும். சிபியு அதை நினைத்துப் பார்ப்பதற்குள் முடித்துவிடும். அதைக் கார்டுக்கு அனுப்புகிற செலவு அதைச் செய்கிற செலவைவிட அதிகம். கார்டுக்கு நான் கொடுப்பது ப்ளேட் ரிவர்ப், டேப் எமுலேஷன், மாஸ்டர் பஸ் கம்ப்ரஸர் மாதிரி கனமானவை. எல்லாம் சென்டிலும் (பல ட்ராக் பகிரும் வழி) பஸ்ஸிலும் (பல ட்ராக் சேரும் இடம்). பத்து பின்னணிக் குரலுக்குப் பத்து கம்ப்ரஸர் கிடையாது, பத்தையும் ஒரு பஸ்ஸில் சேர்த்து ஒன்று. எனக்கு மொத்தமே 14 தாண்டாது.

கோர் எட்டு:

பத்துக் குரலுக்கு ஒரே கம்ப்ரஸரா? ஒருவர் கத்தினால் மற்ற ஒன்பது பேரும் அமுங்கிப் போவார்களே. சுமையைக் குறைக்கிறேன் என்று மிக்ஸையே மாற்றுகிறீர்கள்.

ரிவர்ப் பிரியன்:

உண்மைதான், அது வேறு சத்தம். ஒவ்வொரு குரலிலும் முதலில் வால்யூம் ஆட்டோமேஷன் போட்டுச் சமப்படுத்திவிடுவேன், அதற்குப் பிறகுதான் பஸ். சோம்பலாக இருக்கும் நாளில் நேட்டிவ் கம்ப்ரஸர். எனக்கு அந்தப் பசை போட்டு ஒட்டின சத்தம் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுஇரவு மிக்ஸர்:

இதற்கிடையில் வேறொரு கூத்து. கார்டின் சுமை 82 சதவீதம் வரை போனது (சென்டில் புதிதாக இரண்டு ரிவர்ப்). இன்னும் 18 மிச்சம் இருக்கிறதே என்று பட்டியலில் 15 என்று உள்ள டேப் எமுலேஷன் ஒன்றை மாஸ்டரில் போட்டால் "டிஎஸ்பி இடமில்லை" என்கிறது. கணக்கு உதைக்கிறதே?

பழைய ஸ்லாட்:

அந்த 82 நான்கு சிப்பின் சராசரி. ஒரு ப்ளக்-இன் முழுவதும் ஒரே சிப்பில்தான் உட்காரும், இரண்டு சிப்பில் கால் வைத்து நிற்காது. நான்கு சிப்பும் ஆளுக்கு 82 நிரம்பியிருந்தால் ஒவ்வொன்றிலும் 18 காலி. உங்கள் டேப்பின் எண் 15 என்று பட்டியலில் இருந்தால் அது எந்தக் கார்டுக்கு, எந்தச் சாம்பிள் ரேட்டுக்கு என்று பாருங்கள். பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே சிப்புக்கு, 44.1க்கு, மோனோவா ஸ்டீரியோவா என்று பிரித்துத்தான் போட்டிருக்கும். உங்களுக்கு 48, ஸ்டீரியோ.

பஸ்ஸில் கூட்டம் ஏறுகிற மாதிரிதான் இது. நான்கு வரிசையிலும் அரை அரை இடம் காலி, முழு ஆள் ஒருவர் உட்கார முடியாது. பெரிய ப்ளக்-இன்களை முதலில் ஏற்றுங்கள், சின்னவை இடுக்கில் அடங்கிக்கொள்ளும். ப்ராஜெக்டை மூடித் திறந்தாலே சில சமயம் புது வரிசையில் ஏறி இடம் கிடைத்துவிடும். மோனோ ட்ராக்கில் ஸ்டீரியோ வடிவத்தைப் போட்டிருந்தால் மோனோவுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று. டிஏடபிள்யூவின் பைபாஸ் பொத்தானை அழுத்தினால் சிப்பில் இடம் காலியாகும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் சத்தம் மட்டும் நிற்கும், இடத்தைத் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருக்கும். ப்ளக்-இன்னைக் கழற்ற வேண்டும், அல்லது ஃப்ரீஸ் (ட்ராக்கை ஒலியாக எழுதி வைப்பது) செய்ய வேண்டும்.

ஏறுமுகம்:

96 கிலோஹெர்ட்ஸ் போனால்?

பழைய ஸ்லாட்:

சிப்பில் சுமை கிட்டத்தட்ட இரட்டிப்பு. உள்ளுக்குள்ளேயே சாம்பிள் ரேட்டை ஏற்றிக்கொண்டு ஓடும் சில ப்ளக்-இன்கள் மட்டும் அவ்வளவு ஏறாது. பஃபர் எண்ணை மாற்றாவிட்டால் நடையும் விநாடிக்கு இரண்டு மடங்கு.

நடுஇரவு மிக்ஸர்:

இடம் கிடைத்துவிட்டது, நன்றி. ஆனால் அந்த "எப்போதாவது ஒரு க்ளிக்" போகவில்லை. 512இல்கூட வருகிறது. மீட்டர் 40தான் இருக்கும், திடீரென்று ஒரு சிவப்பு, ஒரு டக். பிறகு அமைதி.

கோர் எட்டு:

இது கார்டு இல்லை, ப்ளக்-இன்னும் இல்லை. லேட்டன்சிமான் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஏதோ ஒரு டிரைவர் சிபியுவை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும். முதல் சந்தேகம் வை-ஃபை. பட்டியலில் என்டிஐஎஸ் (விண்டோஸின் நெட்வொர்க் பகுதி) என்று தொடங்கும் பெயர் மேலே நின்றால் அதுதான்.

கூடவே பவர் ப்ளானை ஹை பர்ஃபார்மன்ஸில் வையுங்கள். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில்) சி-ஸ்டேட் என்ற சிபியு தூக்கத்தை அணைத்துப் பாருங்கள். கார்டு வேலை செய்கிற மெஷினில் இது இன்னும் முக்கியம். சிபியு கொஞ்சம் சரக்கை இறக்கிவிட்டு வேலை இல்லை என்று கண் மூடும், உடனே அடுத்த நடைக்கு எழுப்ப வேண்டும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை தூங்கி எழுந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

நடுஇரவு மிக்ஸர்:

வை-ஃபைதான்! பட்டியலின் உச்சியில் நின்றது. அடாப்டரை டிசேபிள் செய்து அரை மணி நேரம் லூப்பில் விட்டேன். ஒரு க்ளிக்கூட இல்லை. அருகில் வேறு நெட்வொர்க் இருக்கிறதா என்று அவ்வப்போது தேடும்போதெல்லாம் டக் போட்டிருக்கிறது. இனி கேபிள்தான்.

பாக்கி இருப்பது பாடகர் மட்டும். 512இல் வைத்துக்கொண்டே டேக் எடுக்க வழி உண்டா?

வெற்று டேப்:

மூன்று வழி இருக்கிறது. நான் கடைசியாகச் சொல்வதைத்தான் செய்வேன்.

டிஏடபிள்யூவின் முன்கூட்டியே கணக்குப் போடும் வசதியை நம்பலாம். ரீப்பரில் ஆன்டிசிபேட்டிவ் எஃபெக்ட்ஸ், கியூபேஸில் ஏஸியோ-கார்டு. (இந்தக் கார்டு அந்தக் கார்டு இல்லை, இது காவல்காரர்.) டேக் எடுக்காத ட்ராக்குகளைப் பெரிய பஃபரில் முன்னதாகவே போட்டு வைத்துக்கொள்ளும். ஆனால் பாடகரின் ட்ராக் போய்ச் சேரும் பஸ்ஸையும் மாஸ்டரையும் முன்கூட்டிப் போட முடியாது, இன்னும் பாடாத பாட்டுக்கு எப்படிக் கணக்குப் போடும்? மாஸ்டரில் நான்கு கார்டு ப்ளக்-இன் இருந்தால் அத்தனையின் தாமதமும் பாடகரின் காதுக்கு வரும். மாஸ்டரைக் காலி செய்தால்தான் இது உதவும்.

இன்டர்ஃபேஸிலேயே (மைக் செருகும் பெட்டி) டிஎஸ்பி மிக்ஸர் இருந்தால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலேயே கம்ப்ரஸரோடும் ரிவர்போடும் காதுக்குத் திரும்பிவிடும். பஃபர் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. கோர் எட்டு "எதற்கு இந்தக் காவடி" என்றாரே, இதற்குத்தான்.

அது இல்லையென்றால்: முழு ப்ராஜெக்டையும் ஒரு ஸ்டீரியோ ஃபைலாக பவுன்ஸ் செய்யுங்கள். புது ப்ராஜெக்ட், பஃபர் 64, கார்டு ப்ளக்-இன் ஒன்றுகூட இல்லை. அந்த ஸ்டீரியோவோடு பாடவைத்து, எடுத்த டேக்கை மட்டும் பழைய ப்ராஜெக்டில் கொண்டுபோய் வையுங்கள். பவுன்ஸ் ஆஃப்லைனில் பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், சிபியு எவ்வளவு வேகமாக ஓடினாலும் கார்டு தன் நடையில்தான் வரும். அந்த நேரத்தில் மைக்கை வைத்துத் தயார் செய்துகொள்ளலாம்.

ரிவர்ப் பிரியன்:

நான்காவது ஒன்று, கொஞ்சம் குறுக்கு வழி. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் மட்டும் இருந்தால் போதும். நேர்க்குரல் அதன் வழியே தாமதமில்லாமல் காதுக்குப் போகட்டும். டிஏடபிள்யூவில் அந்த ட்ராக்கின் நேர்ச் சத்தத்தை அணைத்துவிட்டு, சென்டில் முழு ஈரமான (நேர்க்குரல் கலக்காத) ரிவர்ப் மட்டும் அனுப்புங்கள். 512இல் ரிவர்ப் இருபது, இருபத்தைந்து மில்லிசெகண்ட் பிந்தி வரும். பாடுகிறவருக்கு அது தாமதமாகவே தெரியாது, ப்ரீ-டிலே (தொடங்கும் முன் சிறு இடைவெளி) வைத்த ரிவர்ப் மாதிரி இருக்கும். ரிவர்ப் நேட்டிவ் ஆக இருக்கட்டும், கார்டு ரிவர்ப் போட்டால் இன்னும் 21 கூடிவிடும்.

நடுஇரவு மிக்ஸர்:

குறுக்கு வழியையே முயன்றேன். இன்று மாலை இரண்டு மணி நேரத்தில் மூன்று டேக் எடுத்தாயிற்று. பாடகர் ரிவர்ப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஹெட்ஃபோன் இறுக்கம் என்பது ஒன்றுதான் குறை.

இப்போதைய நிலவரம்: பஃபர் 512, கார்டில் 62 இருந்தது 23 ஆகிவிட்டது, மீட்டர் 38. எடுத்ததெல்லாம் சின்னச் சின்ன ஈக்யூ. ஒவ்வொன்றையும் திறந்து செட்டிங்கை நேட்டிவ் ஈக்யூவில் எழுதிக்கொண்டு வந்தேன். 17ஆம் ட்ராக், ஷேக்கர். அதில் இருந்த கார்டு ஈக்யூவைத் திறந்தால் எல்லாக் குமிழும் சுழியத்தில். போட்டுவிட்டு தொடவே இல்லை. இரண்டு வாரமாக விநாடிக்கு 750 தடவை அந்த ஷேக்கர் கார்டுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்திருக்கிறது.

பழைய ஸ்லாட்:

23ஆம் ட்ராக்கையும் பாருங்கள் தம்பி. ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும்.

நடுஇரவு மிக்ஸர்:

23இல் இல்லை அண்ணே. 31இல் இருந்தது.